வீட்டிலிருந்து டிஜே செட் லைவ்: ஒயர், லெவல், லேக், காப்பிரைட்

லைவ் பார்க்கிறவர்கள் மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். கரகரக்கிற சத்தத்தை இரண்டு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டார்கள். டிஜே செட்களை நெட்டில் லைவாகக் காட்டும் பாய்லர் ரூம் 2010-ல் லண்டனில் ஆரம்பித்தபோது கேமரா என்று இருந்தது சுவரில் டேப் போட்டு ஒட்டிய ஒரு வெப்கேம்தான். அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆகவே ரிங் லைட், புதுக் கேமரா என்று பணத்தை இறக்குவதற்கு முன்னால், பாட்டு கன்ட்ரோலரிலிருந்து ஸ்ட்ரீமை அனுப்பும் ஓபிஎஸ் சாஃப்ட்வேருக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதைச் சரிசெய்யுங்கள். இந்தப் பதிவில் பெரும்பகுதி அதற்குத்தான்.

கையில் இருப்பதாக எடுத்துக்கொள்வது இவ்வளவு: ஒரு லேப்டாப், டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி இரண்டு சேனல் கன்ட்ரோலர், ரெக்கார்ட்பாக்ஸோ செராட்டோவோ ஒரு சாஃப்ட்வேர், ஹெட்போன், வீட்டில் ஃபைபர் நெட். ஸ்ட்ரீம் அனுப்ப ஓபிஎஸ் ஸ்டுடியோ, இலவசம். விர்ச்சுவல் டிஜே வைத்திருப்பவர்களுக்கு அதற்குள்ளேயே பிராட்காஸ்ட் வசதி உண்டு. அவசரத்துக்கு அது போதும், ஆனால் லெவலையும் லேக்கையும் கையில் பிடித்து வைக்க ஓபிஎஸ்தான் வசதி.

ஸ்பீக்கர் முன்னால் போனை நிறுத்தி இன்ஸ்டா லைவ் போடுவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் கூடினால் தானாகவே லெவலைக் குறைக்கும், பேஸை வெட்டும், பின்னணி இரைச்சல் என்று நினைத்துப் பாட்டையே அமுக்கும். கிக் விழும் ஒவ்வொரு முறையும் மொத்தப் பாட்டும் மூச்சு வாங்குவது போலக் கேட்பது இதனால்தான். போனிலிருந்துதான் போவேன் என்றால், கன்ட்ரோலர் அவுட்டை போனின் யூஎஸ்பி வழியாக உள்ளே எடுக்கிற சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். போனின் 3.5 எம்எம் ஓட்டை வேண்டாம், அதில் உள்ளே போகும் சத்தம் மோனோ மட்டும்தான்.

சத்தம் உள்ளே போகும் இரண்டு வழிகள்

முதல் வழி, லேப்டாப்புக்குள்ளேயே முடிப்பது. டிஜே சாஃப்ட்வேரின் மாஸ்டர் சத்தத்தை நேராக ஓபிஎஸ் பிடிக்க வேண்டும். விண்டோஸில் இங்கேதான் பலரும் முட்டி நிற்பார்கள்: பாட்டு ஹெட்போனில் கேட்கும், கன்ட்ரோலரில் மீட்டர் ஆடும், ஓபிஎஸ்ஸில் டெஸ்க்டாப் ஆடியோ மட்டும் செத்துக் கிடக்கும். காரணம் ஏசியோ டிரைவர். அது விண்டோஸின் சவுண்ட் மிக்ஸரைத் தொடாமல் நேராகக் கன்ட்ரோலருக்குப் போய்விடும். விண்டோஸ் வழியாக வராத சத்தம் டெஸ்க்டாப் ஆடியோவில் எப்படி விழும்? டிஜே சாஃப்ட்வேரில் ஏசியோவுக்குப் பதில் விண்டோஸின் சொந்த வழியான வசாப்பியைத் தேர்ந்தால் சில கன்ட்ரோலர்களில் சரியாகும். இல்லையென்றால் விபி-கேபிள், வாய்ஸ்மீட்டர் போன்ற விர்ச்சுவல் ஒயர் ஒன்றைப் போட்டு, மாஸ்டரை அதற்கும் அனுப்ப வேண்டும். மேக்கில் பிளாக்ஹோல் இதே வேலையைச் செய்யும். செராட்டோ டிஜே ப்ரோவில் மேக்குக்கு மட்டும் மற்ற ஆப்களுக்குச் சத்தத்தைக் கொடுக்கும் டிக் பாக்ஸ் ஆடியோ செட்டிங்ஸிலேயே இருக்கிறது.

இந்த வழியில் இன்னொரு ஓட்டையும் உண்டு. விலை குறைந்த பல கன்ட்ரோலர்களில் மைக் சாஃப்ட்வேருக்குள் போகாது. கன்ட்ரோலருக்குள்ளேயே மாஸ்டர் அவுட்டில் கலந்துவிடும். ஸ்பீக்கரில் நீங்கள் பேசுவது கணீரென்று கேட்கும், பார்வையாளருக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். உங்கள் மாடலில் மைக் யூஎஸ்பி வழியாகவும் போகிறதா என்று மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, வெளியே எடுத்து உள்ளே விடுவது. கன்ட்ரோலரின் மாஸ்டர் ஆர்சிஏ அவுட்டிலிருந்து ஒரு ஒயர் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு, அங்கிருந்து யூஎஸ்பியில் லேப்டாப்புக்கு. ஏசியோ தகராறு இல்லை, மைக், எஃபெக்ட் எல்லாம் கலந்தே வரும், ஸ்பீக்கரில் கேட்பதுதான் ஸ்ட்ரீமிலும் போகும். என் ஓட்டு இதற்குத்தான். பெஹ்ரிங்கர் யூசிஏ222 போன்ற சின்ன டப்பாவே போதும், ஆர்சிஏ நேராகச் செருகலாம். ஸ்கார்லெட் 2ஐ2 வாங்கினால் ஆர்சிஏவிலிருந்து 6.35 எம்எம் மோனோ பின் இரண்டு உள்ள ஒயர் வேண்டும். அதில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டன் அணைந்திருக்க வேண்டும், 48 வோல்ட்டும் ஆஃப். ஸ்கார்லெட் சோலோ விலை குறைவு என்று போகாதீர்கள். அதில் ஒரு மைக் இன்புட், ஒரு லைன் இன்புட். இடது வலது இரண்டையும் லைனாக எடுக்க முடியாது. லேப்டாப்பின் மைக் ஜாக்கில் மாஸ்டரைச் செருகுவது இன்னும் மோசம். மில்லிவோல்ட் கணக்கில் வரும் மைக்குக்கான ஓட்டை அது, லைன் லெவலைக் கொடுத்தால் முதல் கிக்கிலேயே உடைந்து கேட்கும்.

சின்னக் கன்ட்ரோலர்களில் மாஸ்டர் அவுட் ஒரு ஜோடிதான் இருக்கும், அதில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கும். ஆர்சிஏ ஒய் ஒயர் போட்டு ஒரு கிளையை ஸ்பீக்கருக்கும் ஒரு கிளையை இன்டர்ஃபேஸுக்கும் கொடுக்கலாம். ஒரு அவுட்டை இரண்டு இன்புட்டுக்குப் பிரிப்பதில் தப்பில்லை, இரண்டு அவுட்டை ஒன்றில் சேர்ப்பதுதான் கூடாது. ஆனால் அதன் பிறகு மாஸ்டர் நாப் ஸ்ட்ரீமுக்குச் சொந்தம். ராத்திரி பதினொரு மணிக்குக் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் ஸ்பீக்கரின் பின்னால் இருக்கும் வால்யூமைக் குறையுங்கள், மாஸ்டரைத் தொடாதீர்கள். பூத் அவுட் (டிஜே பக்கத்து ஸ்பீக்கருக்கென்று தனி வால்யூமோடு வரும் அவுட்) உள்ள பெரிய கன்ட்ரோலர் என்றால் ஸ்பீக்கரை பூத்தில் மாட்டிவிட்டால் இந்தக் கவலையே இல்லை. மிக்ஸரில் ரெக்கார்டிங்குக்கான ரெக் அவுட் இருந்தால் இன்னும் நல்லது. டிஜேஎம் வகை மிக்ஸர்களில் அது மாஸ்டர் நாபுக்குக் கட்டுப்படாது.

எந்த வழியில் போனாலும் ஓபிஎஸ்ஸில் பாட்டுக்கு ஒரே ஒரு ஆடியோ சோர்ஸ் மட்டும் உயிரோடு இருக்கட்டும். வெளிவழி என்றால் இன்டர்ஃபேஸை ஆடியோ இன்புட் கேப்சராகச் சேர்த்துவிட்டு, டெஸ்க்டாப் ஆடியோவை டிசேபிள் செய்யுங்கள், வெப்கேமின் மைக்கையும் மியூட் செய்யுங்கள். ஒரே பாட்டு இரண்டு வழியாகச் சில மில்லிசெகண்ட் வித்தியாசத்தில் வந்தால் குழாய்க்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். அதே லேப்டாப்பில் யூடியூப் பக்கத்தைத் திறந்து உங்கள் ஸ்ட்ரீமையே பார்த்தால், பத்து விநாடிக்கு முந்தைய பாட்டும் டெஸ்க்டாப் ஆடியோவில் சேர்ந்து போகும். சாட் பார்க்கப் போன் போதும், அதுவும் சைலன்ட்டில்.

லெவல்

ஓபிஎஸ் மீட்டரில் மைனஸ் 20 டிபி வரை பச்சை, மைனஸ் 9 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. அந்தச் சிவப்பு பேச்சை மனதில் வைத்துப் போட்டது. பாட்டு சிவப்புக்குள் போய்வருவது குற்றமில்லை, 0-வைத் தொடுவதுதான் குற்றம். செட்டில் அதிகச் சத்தமான இடத்தை ஓடவிட்டு, உச்சம் மைனஸ் 6 பக்கத்தில் நிற்கும்படி வையுங்கள். மீதி 6 டிபி வீணில்லை. இரண்டு பாட்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறும் மிக்ஸ் நேரத்தில் லெவல் எகிறும். ஸ்ட்ரீமுக்காகச் சத்தத்தை ஏஏசி வடிவில் சுருக்கும்போதும் உச்சங்கள் கொஞ்சம் உயரும்.

இதில் ஆட்களை அதிகமாக ஏமாற்றுவது ஒன்று உண்டு. ஓபிஎஸ் மீட்டர் மைனஸ் 12-ல் சமர்த்தாக ஆடும், சத்தமோ கிழிந்து கேட்கும். ஓபிஎஸ் ஃபேடரைக் குறைத்துப் பார்ப்பார்கள், கிழிசல் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் சின்னதாகும். சத்தம் கிழிந்தது ஓபிஎஸ்ஸுக்கு முன்னால். கன்ட்ரோலரில் சேனல் சிவப்பில் இருக்கலாம், அல்லது இன்டர்ஃபேஸின் இன்புட் தாங்காமல் இருக்கலாம். யூசிஏ222-ல் இன்புட் கெயின் நாபே கிடையாது, மாஸ்டர் அதிகமாக வந்தால் உள்ளே நுழையும்போதே வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையை அதற்கப்புறம் எந்த ஃபேடராலும் ஒட்ட முடியாது. ஆகவே லெவலை எப்போதும் முதலிலிருந்து வரிசையாகப் பிடியுங்கள்: பாட்டின் டிரிம் (சேனலின் உச்சியில் இருக்கும் கெயின் நாப்), சேனல் மீட்டர், மாஸ்டர் மீட்டர், இன்டர்ஃபேஸ், கடைசியில் ஓபிஎஸ். ஓபிஎஸ் ஃபேடர் 0 டிபியிலேயே நிற்கட்டும், கூட்டல் குறைத்தல் எல்லாம் அதற்கு முன்னாலேயே முடியட்டும்.

தமிழ்ப் பாட்டு செட்டில் டிரிம் முக்கியம். எண்பதுகளின் பாட்டு சிடியிலிருந்து எடுத்தது என்றால் இன்றைய குத்துப்பாட்டு மாஸ்டரை விடப் பல டிபி கீழே இருக்கும். பழையதை முழுசாக ஏற்றி வைத்துவிட்டு அடுத்ததை அதே டிரிமில் திறந்தால் மீட்டர் உச்சியில் போய் இடிக்கும். ஆட்டோ கெயினை ஆன் செய்யுங்கள், ஆனால் அதையே முழுசாக நம்ப வேண்டாம், ஒவ்வொரு பாட்டையும் ஹெட்போனில் கியூ கேட்டு டிரிமைத் திருத்துங்கள். ஓபிஎஸ்ஸில் ஒரு லிமிட்டர் ஃபில்டரை மைனஸ் 3-ல் போட்டு வைக்கலாம். அது விபத்துக்கான ஏற்பாடு, எந்நேரமும் அது வேலை செய்துகொண்டிருந்தால் லெவல் தப்பு. நாய்ஸ் சப்ரஷன் ஃபில்டரை மட்டும் பாட்டு சோர்ஸில் தவறியும் போடாதீர்கள். பேச்சு அல்லாத எல்லாமே அதற்கு இரைச்சல்தான், ஹைஹாட்டை முதலில் தின்னும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் அந்த இன்டர்ஃபேஸுக்கு ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் ஆனில் இருந்தால் அதையும் அணையுங்கள்.

மைக்கைத் தனியாக ஓபிஎஸ்ஸுக்குக் கொடுப்பவர்கள், பேசும்போது பாட்டு தானாக இறங்கும்படி செய்யலாம். பாட்டு சோர்ஸில் கம்ப்ரஸர் ஃபில்டர் சேர்த்து, அதன் சைட்செயின் இடத்தில் மைக்கைத் தேர்ந்தால் போதும். ரிலீஸ் 60 மில்லிசெகண்டில் வரும், அதை 400 பக்கம் ஏற்றுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வார்த்தை இடைவெளியிலும் பாட்டு துள்ளி மேலே வரும்.

கரகரப்பு, உறுமல், விலகல்

ஓபிஎஸ் புதிதாக நிறுவினால் 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். சின்னக் கன்ட்ரோலர்கள் பல 44.1-ல் ஓடும். உள்வழியில் போகிறவர்கள் சாஃப்ட்வேர், விர்ச்சுவல் ஒயர், விண்டோஸ் சவுண்ட், ஓபிஎஸ் நான்கையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். வெளிவழியில் போகிறவர்களுக்கு இன்டர்ஃபேஸும் ஓபிஎஸ்ஸும் ஒன்றாக இருந்தால் போதும், நடுவில் அனலாக் ஒயர் இருப்பதால் கன்ட்ரோலரின் எண் பொருட்டில்லை. எண்கள் ஒத்துப்போகாவிட்டால் அவ்வப்போது டிக் டிக் என்று தெறிக்கும், அல்லது முதல் பத்து நிமிஷம் சரியாக இருந்த படமும் சத்தமும் ஒரு மணி நேரம் கழித்து விலகி நிற்கும்.

ஸ்ட்ரீம் ஆரம்பித்த பிறகு மட்டும் கரகரப்பு வருகிறது என்றால் குற்றவாளி வேறு: லேப்டாப் மூச்சு முட்டுகிறது. ஓபிஎஸ்ஸில் படத்தைச் சுருக்கும் என்கோடரை, சிபியூவில் ஓடும் எக்ஸ்264-லிருந்து மாற்றி, என்விடியா கார்டு இருந்தால் என்வென்க், இன்டெல் என்றால் குயிக்சிங்க், மேக் என்றால் ஆப்பிளின் ஹார்ட்வேர் என்கோடர் என்று கொடுங்கள். சிபியூ டிஜே சாஃப்ட்வேருக்கு மிஞ்சும். டிஜே சாஃப்ட்வேரின் ஆடியோ பஃபரை 128, 256-லிருந்து 512 சாம்பிளுக்கு ஏற்றுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 11.6 மில்லிசெகண்ட், ஸ்கிராட்ச் செய்பவர்களுக்குத்தான் அது கையில் தட்டுப்படும். ஈதர்நெட் ஒயர் போட்டாயிற்று என்றால் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள், அந்த டிரைவர்களே ஆடியோவைத் தடுக்கிற நேரம் உண்டு. விண்டோஸில் லேட்டன்சிமான் ஓடவிட்டால் எந்த டிரைவர் இழுக்கிறது என்று பெயரோடு காட்டும். சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், பவர் பிளான் ஹை பெர்ஃபாமென்ஸில். கன்ட்ரோலரை லேப்டாப்பின் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். யூஎஸ்பி கரண்டிலேயே ஓடும் கன்ட்ரோலர், வெப்கேம், இன்டர்ஃபேஸ் மூன்றும் ஒரே பவர் இல்லாத ஹப்பில் தொங்கினால் செட் நடுவில் ஏதாவது ஒன்று விழும்.

ம்ம்ம் என்று தாழ்வாக ஒரு உறுமல் கேட்டால் அது எர்த் பிரச்சினை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் உறுமலும் 50, 100 ஹெர்ட்ஸில் இருக்கும். சோதிப்பது சுலபம்: லேப்டாப் சார்ஜரை ஒரு நிமிஷம் பிடுங்குங்கள். உறுமல் நின்றால், லேப்டாப்பும் பவர்டு ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக் பாயின்ட் எர்த் வழியாக ஒரு சுற்றைப் போட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொண்டுவாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஆர்சிஏ ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். விலை மலிவானவற்றில் ஆழமான பேஸ் கொஞ்சம் மெலியும். எர்த் பின்னை வெட்டிவிடுகிற வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

படம்

படத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 720பி, விநாடிக்கு 30 ஃப்ரேம் போதும். ஒரு கேமரா மேலிருந்து டெக்கைப் பார்க்கட்டும், கை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் டிஜே ஆர்வலர்கள் நிற்பார்கள். பழைய ஆண்ட்ராய்டு போனை டிராய்ட்கேம் அல்லது ஐரியன் மூலம் யூஎஸ்பி ஒயரில் மாட்டி மேல் கேமராவாக்கலாம். ஐபோனும் மேக்கும் இருப்பவர்களுக்கு ஐஓஎஸ் 16-லிருந்து இந்த வசதி உள்ளேயே உண்டு.

மேல் கேமராவுக்கு நம் வீடுகளில் முதல் எதிரி சீலிங் ஃபேன். லைட் ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கையின் நிழல் டெக் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, கேமராவில் படம் துடிக்கும். ஃபேனை நிறுத்த முடியாத ஊர் நம்முடையது, அதனால் சீலிங் லைட்டை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டேபிள் லைட் வையுங்கள். கேமரா செட்டிங்ஸில் பவர் லைன் ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும், 60-ல் இருந்தால் எல்இடி வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக ஏறி இறங்கும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் ஆட்டோவிலிருந்து எடுத்துப் பூட்டுங்கள். கலர் லைட் மாறும்போதெல்லாம் முகம் நீலமாகி, வெளுத்து, மறுபடி நீலமாவது ஆட்டோவின் திருவிளையாடல். கேமராவை டெக் இருக்கும் மேசையிலேயே பொருத்தினால் பேஸுக்குப் படமும் நடுங்கும். ஜன்னல் கம்பியிலோ அலமாரியிலோ கிளாம்ப் போடுங்கள். ஸ்ட்ரோப் லைட் வேண்டாம். ஒவ்வொரு பளிச்சுக்கும் முழு ஃப்ரேமும் மாறுவதால் பிட்ரேட் போதாமல் படம் கட்டம் கட்டமாக உடையும், வலிப்பு உள்ள பார்வையாளர்களுக்கும் ஆபத்து.

சத்தம் ஒயரில் உடனே வந்துவிடும், படம் வெப்கேமுக்குள் கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். பொதுப் பேச்சில் யாரும் கவனிக்க மாட்டார்கள், டெக் கேமராவில் கவனிப்பார்கள். ஃபேடரை வெட்டும் முன்பே சத்தம் போய்விட்டது போலத் தெரியும். அளக்க இப்படிச் செய்யுங்கள்: ஓபிஎஸ்ஸில் ரெக்கார்டிங் மட்டும் போட்டு, ஒரு ஹாட் கியூ பேடில் கிக் சத்தம் வைத்து நான்கைந்து முறை தட்டுங்கள். ரெக்கார்டிங்கை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, சத்தம் வந்த இடத்துக்கும் விரல் பேடைத் தொடும் ஃப்ரேமுக்கும் எத்தனை ஃப்ரேம் வித்தியாசம் என்று எண்ணுங்கள். 30 ஃப்ரேமில் ஒவ்வொன்றும் 33 மில்லிசெகண்ட். ஐந்து ஃப்ரேம் தள்ளியிருந்தால் 165. அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராபர்ட்டீஸில் பாட்டு சோர்ஸின் சிங்க் ஆஃப்செட்டில் 165 போட்டு மறுபடி ஒரு முறை சரிபாருங்கள். கேமரா மாறினால், ரெசல்யூஷன் மாறினால் எண்ணும் மாறும்.

நெட்டும் கரண்டும்

பார்க்க வேண்டியது அப்லோடு வேகம் மட்டுமே. வீடியோ 3,500 கேபிபிஎஸ், ஆடியோ 160 அல்லது அதற்கு மேல், ரேட் கன்ட்ரோல் சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃப்ரேம் 2 விநாடி. இது 720பிக்குத் தாராளம். அப்லோடு இதைப் போல இரண்டு மடங்காவது நிலையாக இருக்க வேண்டும். 30 எம்பிபிஎஸ் ஃபைபரே தேவைக்கு மேல். பிரச்சினை வேகத்தில் வருவதில்லை, வைஃபையில் வரும். ரூட்டரிலிருந்து பத்து மீட்டர் கேட்6 ஒயர் இழுத்துப் போட்டால் பாதி நோய் தீரும். வீட்டில் யாருடைய போனாவது அந்த நேரம் பார்த்து போட்டோ பேக்கப் ஏற்றிக்கொண்டிருக்கும், அதை முன்கூட்டியே நிறுத்திவையுங்கள்.

நெட் தடுமாறும்போது ஓபிஎஸ் வீடியோ ஃப்ரேம்களைத்தான் உதறும், ஆடியோவை முடிந்தவரை காப்பாற்றும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கப் படம் மட்டும் உறைந்து நின்றால் நெட் என்று அர்த்தம். ஸ்டாட்ஸ் பேனலில் மூன்று வரி இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். டிராப்டு ஃப்ரேம் என்றால் நெட், பிட்ரேட்டைக் குறையுங்கள். என்கோடிங் லேக்கால் ஸ்கிப் ஆனது என்றால் என்கோடர். ரெண்டரிங் லேக்கால் மிஸ் ஆனது என்றால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது, ஓபிஎஸ் பிரிவ்யூவை அணைத்தாலே சில நேரம் சரியாகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போவதென்றால் கணக்கு இது: மொத்தம் 3,660 கேபிபிஎஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஓடினால் சுமார் 3.3 ஜிபி. தினசரி 2 ஜிபி பிளான் முதல் மணி நேரத்துக்குப் பிறகு படுத்துவிடும்.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் நிற்கும், ஃபைபர் மோடம் நிற்காது. மறுபடி எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிஷம் ஆகும், அதற்குள் பார்ப்பவர்கள் கலைந்துவிடுவார்கள். ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று மாட்டுங்கள், வோல்ட்டும் ஆம்பியரும் அடாப்டரில் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பகலில் செட் போடுகிறவர்கள் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. ஓபிஎஸ்ஸில் லோக்கல் ரெக்கார்டிங் எம்கேவியில் இருக்கட்டும். சாதாரண எம்பி4 பாதியில் நின்றால் ஃபைல் திறக்காமலே போகலாம், எம்கேவி நின்ற இடம் வரை ஓடும். பிறகு ரீமக்ஸ் கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

எங்கே போடுவது, எது பிடிக்கும்

பாட்டைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பது இங்கே செல்லாது. வாங்கியது கேட்பதற்கான உரிமை, ஒளிபரப்புவதற்கானது இல்லை. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு உரிமை இருக்கிறது: பதிவான ஒலிக்கு லேபிள், மெட்டுக்கும் வரிக்கும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் அல்லது அவர்கள் உரிமையை வைத்திருப்பவர்கள். பழைய எச்எம்வி பாட்டுகள் என்றால் சரிகம, புதியவை சோனி மியூசிக் சவுத், திங்க் மியூசிக் என்று லேபிளுக்கு லேபிள் மாறும். கல்யாண வீட்டுக்கு இருக்கும் சட்ட விலக்கு நெட்டில் போடும் லைவுக்குப் பொருந்தாது.

யூடியூபில் பாட்டைத் தானாக அடையாளம் காணும் கன்டென்ட் ஐடி லைவையும் ஸ்கேன் செய்கிறது. அடையாளம் கண்டால் எச்சரிக்கை வரும், தொடர்ந்தால் உங்கள் படத்துக்குப் பதில் ஒரு நிலைப்படம் வந்து நிற்கலாம், ஸ்ட்ரீமே நிற்கவும் செய்யலாம். கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளெய்ம் என்றால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அல்லது சில நாடுகளில் வீடியோ தெரியாது. ஸ்டிரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி வீடியோவை நீக்கச் சொன்னால் விழுவது, 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். பிட்ச் ஏற்றினால், டெம்போ மாற்றினால் பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதை நம்பி செட் போடாதீர்கள்.

லைவுக்கு முன்னால் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு. செட்டை வீட்டில் ஒரு முறை வாசித்து ரெக்கார்ட் செய்து, யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றுங்கள். ஏற்றும்போது வரும் சரிபார்ப்பு (Checks) படியில் எந்த நிமிஷத்தில் எந்தப் பாட்டுக்குக் கிளெய்ம், அதன் விளைவு என்ன என்று வரும். வருமானம் மட்டும் போகும் பாட்டை வைத்துக்கொள்ளலாம், முழுக்கத் தடை என்று வருகிற பாட்டை செட்டிலிருந்து தூக்குங்கள். இது உத்தரவாதம் இல்லை, ஆனால் குருட்டாம்போக்கில் போவதைவிட மேல். முதல் தடவை லைவ் ஆன் செய்ய யூடியூபில் 24 மணி நேரம் வரை ஆகும், செட் நாளன்று காலையில் போய்த் தேடாதீர்கள்.

டிஜேக்களுக்கென்று உரிமை ஒப்பந்தம் போட்டு நடத்தும் இடங்கள் இரண்டு. மிக்ஸ்கிளவுட் 2020 ஏப்ரலில் லைவ் வசதியைத் திறந்தது, அதற்குப் ப்ரோ சந்தா வேண்டும். ஓபிஎஸ்ஸில் சர்வர் முகவரி, ஸ்ட்ரீம் கீ இரண்டையும் ஒட்டினால் ஓடும். ட்விட்சில் 2020-ல் டிஎம்சிஏ (அமெரிக்கக் காப்பிரைட் சட்டம்) நோட்டீஸ்கள் கொத்துக் கொத்தாக வந்து பலர் பழைய வீடியோக்களை அழிக்க வேண்டிவந்தது. 2024 ஆகஸ்டில் அவர்கள் டிஜே புரோகிராம் ஆரம்பித்தார்கள். சம்பாத்தியத்தில் ஒரு பங்கு லேபிள்களுக்குப் போகும், லைவுக்கு மட்டும்தான் பாதுகாப்பு, பழைய ஸ்ட்ரீமையும் கிளிப்பையும் வைத்துக்கொள்ள முடியாது. பெரிய லேபிள்களின் பட்டியல் அடங்கும் என்பதற்காக உங்கள் செட்டில் உள்ள ஒவ்வொரு தமிழ்ப் பாட்டும் அடங்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டில் எது என்று கேட்டால், செட் பிறகும் கேட்கக் கிடைக்க வேண்டும் என்பவர்களுக்கு மிக்ஸ்கிளவுட், சாட்டில் ஆள் கூட்டம் வேண்டும் என்பவர்களுக்கு ட்விட்ச். ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டும் முழுநீள மியூசிக் செட்டுக்கு லாயக்கில்லை. பாட்டு ஓடும் நேரம் கூடக் கூட மியூட் ஆகும் வாய்ப்பும் கூடும். பத்து நிமிஷ முன்னோட்டம் காட்டி ஆட்களை வேறு இடத்துக்கு அழைக்க வேண்டுமானால் பயன்படும். ஃபேஸ்புக் லைவ் 2025-லிருந்து 30 நாளில் அழிந்துவிடுகிறது, வேண்டியதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டிஜே சாஃப்ட்வேருக்குள் ஸ்ட்ரீமிங் சர்வீஸிலிருந்து பாட்டு எடுத்து வாசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தப் பாட்டு டெக்கில் இருக்கும்போது பல சாஃப்ட்வேர்களில் ரெக்கார்டிங் வேலை செய்யாது, பொது ஒளிபரப்பை அந்த சர்வீஸின் விதியும் அனுமதிக்காது. நெட் தடுமாறினால் அப்லோடும் பாட்டும் சேர்ந்து படுக்கும். லைவுக்கு லோக்கல் ஃபைல்தான்.

செட் நாளில்

முழு ஏற்பாட்டையும் இருபது நிமிஷம் அன்லிஸ்டட் ஸ்ட்ரீமாக (லிங்க் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிவது) ஓடவிடுங்கள். ட்விட்சில் ஸ்ட்ரீம் கீயின் கடைசியில் பேண்ட்வித் டெஸ்ட் சேர்த்தால் யாருக்கும் தெரியாமல் சோதிக்கலாம், ஓபிஎஸ்ஸில் அதற்கு டிக் பாக்ஸே இருக்கிறது. அந்தச் சோதனை ஸ்ட்ரீமை வேறொரு போனில், மொபைல் டேட்டாவில், ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். இடது காதில் மட்டும் கேட்டால் ஒரு ஆர்சிஏ பின் சரியாக உட்காரவில்லை. இரண்டு காதிலும் கேட்டு நடுவில் குரல் மட்டும் காணாமல் போனால், எங்கோ ஸ்டீரியோ ஒயரில் ஒரு பக்கம் மாறிப் பிணைந்திருக்கிறது. அப்புறம் ஹெட்போனைக் கழற்றி போன் ஸ்பீக்கரில் கேளுங்கள், பாதிப் பேர் அப்படித்தான் கேட்பார்கள். பேஸ் அதில் வராது, கிக்கின் தட்டு கேட்கிறதா என்று பாருங்கள்.

அறிவித்த நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு காத்திருப்புப் படத்தோடு ஸ்ட்ரீமை ஆரம்பித்து, பின்னணியில் உங்கள் சொந்த லூப் ஏதாவது ஓடட்டும். சாட்டில் யாராவது சத்தம் சரியில்லை என்றால், அவர் கேட்பது ஐந்திலிருந்து இருபது விநாடிக்கு முந்தைய சத்தம். திருத்திவிட்டு அவ்வளவு நேரம் பொறுத்து மறுபடி கேளுங்கள், அதற்குள் இன்னொரு நாபைத் திருகாதீர்கள்.

முடிந்ததும் மாஸ்டர் ஃபேடரை இறக்கி, அரை நிமிஷம் கழித்து ஸ்டாப் ஸ்ட்ரீமிங், அதன் பிறகு ஸ்டாப் ரெக்கார்டிங். ரீமக்ஸ் முடியும் வரை லேப்டாப்பை மூடாதீர்கள். யூடியூப் என்றால் பதிவை உடனே பிரைவேட் ஆக்கி, கிளெய்ம் பட்டியல் முழுசாக வரும் வரை, பெரும்பாலும் மறுநாள் வரை, அப்படியே விடுங்கள். தடையான பாட்டு இருந்தால் ஸ்டுடியோ எடிட்டரிலேயே அந்தத் துண்டை வெட்டியோ மியூட் செய்தோ பிறகு பப்ளிக் ஆக்கலாம்.